மூடாத கதவும் மூன்றாம் ஆண்டுப் பாடமும்



ஒவ்வொரு ஆண்டு மலரிலும் கவிதைகள் நிறைய வருகின்றன. எனக்குக் கவிதை வராது. "உனக்குத் தெரிஞ்சதை எழுதுடா, போதும்" என்றான் மலர்க் குழுவில் இருக்கும் நண்பன். எனக்கு நன்றாகத் தெரிந்தது ஒரு பழைய பிரிட்ஜ். அதன் பிரீசர் ஏன் மூடாமல் போனது, எப்படிச் சரியானது என்பதை எழுதுகிறேன். உங்கள் வீட்டுக்கும் ஒருநாள் உதவும்.

எங்கள் வீட்டில் பிரிட்ஜ் ஆடம்பரப் பொருள் அல்ல. அது அம்மாவின் தொழிற்சாலை. அப்பா மூட்டை தூக்குகிறார். அம்மா ரோஸ் மில்க்கும் சேமியாப் பாலும் கப்பில் ஊற்றி உறைய வைத்து, பள்ளிக்கூடம் விடும் நேரத்தில் வாசலில் விற்கிறார். கப் ஐஸ் ஒன்று 5 ரூபாய். சீட்டு எடுத்த பணத்தில் 4,000 ரூபாய்க்கு வாங்கிய செகண்ட் ஹேண்ட் சிங்கிள் டோர் பெட்டி அது. எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான். என் டிராயிங் ஷீட், ரெக்கார்டு நோட்டு, பரீட்சைப் பணம் எல்லாமே அந்தப் பெட்டிக்குள்ளிருந்து வந்தவைதான்.

போன மழைக் காலத்தில் அது மக்கர் செய்தது. மேலே பிரீசர், அதற்கு ஒரு சின்ன மூடி, அதன் அடியில் இழுப்பறை மாதிரி ஒரு டிரே. பிரீசரின் விளிம்பில் பனி வளர்ந்து மூடி சாத்தவில்லை. அடிப்பக்கத்துப் பனி டிரேயை உள்ளே போகவிடவில்லை. டிரே முன்னால் துருத்திக்கொண்டு நின்றதால் பெரிய கதவும் ஒரு விரல் இடைவெளியில் நின்றுவிட்டது. கப் ஐஸ் கூழாகவே இருந்தது.

வந்து பார்த்த மெக்கானிக், "கேஸ் போயிடுச்சும்மா, 3,500 ஆகும்" என்றார். அம்மா அரிசி டப்பாவிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். அதில் என் பரீட்சைப் பணமும் இருந்தது. "நாளைக்குச் சொல்றேங்க" என்று அவரை அனுப்பிவிட்டு என்னைப் பார்த்தார். "நீ மெக்கானிக்கல்தானடா படிக்கிற? இதைக் கொஞ்சம் பாரேன்."

நண்பர்களே, மூன்று வருடத்தில் எந்த வைவாவிலும் எனக்கு அப்படி வியர்த்ததில்லை.

முதலில் ஸ்க்ரூ டிரைவரும் சுத்தியலும் எடுத்தேன், பனியைக் கொத்தி எடுத்துவிடலாம் என்று. நல்லவேளை, லேபில் வெட்டி வைத்திருந்த பிரீசர் தகடு ஞாபகம் வந்தது. இரண்டு அலுமினியத் தகடுகளை ஒட்டி, நடுவே கேஸ் ஓடும் பாதையை ஊதி உருவாக்கியிருப்பார்கள். அதன் சுவர் மிக மெல்லியது. கத்தி முனை ஒருமுறை பட்டால் போதும், ஓட்டை விழுந்துவிடும். இல்லாத கேஸ் லீக்கை நாமே உண்டாக்கியதாகிவிடும். இப்போது வரும் பல பெட்டிகளில் ஆர் 600ஏ என்னும் ஐஸோபியூட்டேன் இருக்கிறது. அது நம் சமையல் கேஸுக்கு நெருங்கிய சொந்தம், தீப்பிடிக்கும். ஆகவே முதல் விதி: பனியைக் குத்தாதே.

அடுத்தது, கேஸ் உண்மையிலேயே போய்விட்டதா? பனியை நன்றாகப் பார்த்தேன். கேஸ் குறைந்திருந்தால் பெரும்பாலும் பிரீசரின் ஒரு மூலையில் மட்டும் பனி பிடிக்கும், மற்ற இடம் காய்ந்து கிடக்கும். எங்கள் பெட்டியிலோ நான்கு பக்கமும் ஒரே சீராக விரல் கனத்துக்குப் பனி. குளிர் உண்டாகிறது, அது கப்புக்குப் போய்ச் சேரவில்லை. காரணம் அந்தப் பனியேதான். வெப்பம் கடத்துவதில் அலுமினியத்தின் எண் 200க்கு மேல், கெட்டிப் பனிக்கட்டிக்கு 2 சொச்சம். காற்று கலந்த உறைபனிக்கு அதைவிடக் குறைவு. பிரீசர் போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

சரி, இவ்வளவு பனி எங்கிருந்து வந்தது? விடை சொன்னது நான் அல்ல, அம்மா. "வெயில் காலத்துல இவ்ளோ வராதுடா. மழை பிடிச்சாத்தான் மளமளன்னு வளருது."

ஈரப்பதம்! 30 டிகிரியில் ஈரம் நிறைந்த ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 30 கிராம் நீராவி இருக்கும். மைனஸ் 18 டிகிரியில் அதே காற்றால் ஏறக்குறைய 1 கிராம்தான் தாங்க முடியும். மீதியெல்லாம் பனியாகப் படிந்துவிடும். இதில் இன்னொரு நஷ்டமும் உண்டு. பூஜ்யம் டிகிரித் தண்ணீர் ஒரு கிலோவை ஐஸாக்க 334 கிலோஜூல் வெப்பத்தை எடுத்தால் போதும். அதே ஒரு கிலோ நீராவியைப் பனியாக்க ஏறத்தாழ 2,800 கிலோஜூல் எடுக்க வேண்டும். எட்டு மடங்கு! கதவிடுக்கில் நுழையும் ஈரக் காற்றுக்காகக் கம்ப்ரஸர் ஓடிக்கொண்டே இருக்கும், மீட்டரும் ஓடும்.

ஆக, கதவு மூடாததால் பனி, பனியால் கதவு மூடவில்லை. இந்தச் சக்கரத்தை எங்காவது வெட்ட வேண்டும். நான் செய்தது இதுதான்:

1. தெர்மோஸ்டாட் குமிழின் நடுவில் உள்ள டீபிராஸ்ட் பொத்தான் இவ்வளவு கனப் பனிக்குப் போதாது. பிளக்கையே பிடுங்கிவிட்டு, கதவைத் திறந்து, பிரீசருக்குள் ஒரு கிண்ணம் வெந்நீர் வைத்தேன். கீழே பழைய துணி விரித்தேன். பனி தானாகக் கழன்று விழுந்தது. ஈரம் இல்லாமல் துடைத்தேன்.

2. கதவின் ரப்பர் கேஸ்கெட்டைச் சோதித்தேன். ஒரு பத்து ரூபாய் நோட்டை வைத்துக் கதவைச் சாத்தி இழுத்தால் பிடித்து இழுப்பது போல் இருக்க வேண்டும். கீல் பக்கத்துக் கீழ் மூலையில் நோட்டு வழுக்கிக்கொண்டு வந்தது. ரோஸ் மில்க் வழிந்து காய்ந்து ரப்பர் மடங்கியிருந்தது. சோப்பு நீரில் கழுவி, வெந்நீர்த் துணியால் ஒற்றி நீவிவிட்டதும் நிமிர்ந்தது. கிழிந்திருந்தால் மாற்றத்தான் வேண்டும்.

3. எங்கள் தரை முன்பக்கம் சரிவு. பெட்டியும் முன்னால் சாய்ந்து நின்றது. முன்கால் திருகுகளைத் திருகிச் சற்றே உயர்த்தினேன். இப்போது கதவைப் பாதியில் விட்டால் தானாகவே போய்ச் சாத்திக்கொள்கிறது.

4. டிரேயைக் கழுவித் துடைத்து, அதன் தடத்தில் சரியாக உட்கார வைத்தேன். அதில் எதையும் குவிப்பதில்லை.

அடியில் இழுப்பறை பிரீசர் உள்ள பெரிய பிரிட்ஜ் வைத்திருப்பவர்களும் இதே வரிசையில் பார்க்கலாம். அளவுக்கு மீறி அடைத்திருக்கிறதா, தடத்திலிருந்து நழுவியிருக்கிறதா, பின்னால் பனிக்கட்டி இருக்கிறதா என்று பாருங்கள். ஆனால் பிராஸ்ட் ஃப்ரீ பெட்டியில் பனியை உருக்க உள்ளேயே ஹீட்டர் உண்டு. அங்கே திரும்பத் திரும்பப் பனி வந்தால், கதவு சரியாக மூடியும் வந்தால், ஹீட்டரோ தண்ணீர் வடியும் துளையோ பழுது என்று அர்த்தம். அதற்கு மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எல்லா மெக்கானிக்கும் தப்பாகச் சொல்கிறவர் இல்லை.

என் தவறையும் ஒப்புக்கொள்கிறேன். அவசரத்தில் பிளக்கைப் பிடுங்கியது பிற்பகல் மூன்று மணிக்கு. உள்ளே 60 கப், அரைகுறையாக உறைந்த சரக்கு. 300 ரூபாய். ராத்திரி விற்பனை முடிந்த பிறகு செய்திருக்க வேண்டும். அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. தெருப் பிள்ளைகளைக் கூப்பிட்டு, "உருகினா பால்தானே, குடிங்க" என்று கொடுத்துவிட்டார். எனக்குத்தான் தொண்டையில் அடைத்தது.

மறுநாள் காலை கப் எல்லாம் கல்லாக உறைந்திருந்தன. ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒருமுறை கதவைத் திறந்ததும் ஒரு காரணம் என்பதால், பழைய தெர்மாகோல் பெட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தேன். இருபது கப்பை ஒரே தடவையில் அதில் எடுத்து வைத்துக்கொண்டு விற்கிறார். வாரத்துக்கு ஒருமுறை, பனி மெல்லியதாக இருக்கும்போதே, ராத்திரியில் டீபிராஸ்ட் பொத்தானை அம்மாவே அமுக்கிவிடுகிறார்.

உள்ளுறை வெப்பம் என்ற பாடத்தை இரண்டு மதிப்பெண் கேள்விக்காக நானும் மனப்பாடம் செய்தவன்தான். அது எங்கள் வீட்டு அடுப்படியில் இத்தனை நாளாகப் பனியாக வளர்ந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாமல் போயிற்று. அம்மா அதைப் பார்த்திருந்தார், பெயர்தான் தெரியாது. ஆகவே நண்பர்களே, எந்தக் கதவும் மூடவில்லை என்றால் ஓங்கித் தள்ளாதீர்கள். எது தடுக்கிறது, அது எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். அந்தக் கதவைத் தினமும் திறக்கிறவரையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

பரீட்சைப் பணம் கட்டிவிட்டேன். ரசீது பிரிட்ஜ் மேலேயே இருக்கிறது.

— மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை