டயாலிசிஸ் கருவி இருக்கிறது. ரத்த வழி அடைபட்டால்?

புது தில்லி: மாவட்ட மருத்துவமனைகள்தோறும் டயாலிசிஸ் மையம் என்ற மத்திய அரசின் திட்டம், சிறுநீரகம் செயலிழந்த ஏழைகளுக்குக் கருவியை அருகில் கொண்டுவந்தது. ஆனால், அக்கருவிக்கு ரத்தம் சென்று திரும்பும் வழி நோயாளியின் கையில் சுருங்கிவிட்டால், கருவி இருந்தும் பயனில்லை.

2016-ம் ஆண்டு பிப்ரவரி 29-ம் தேதி நிதிநிலை அறிக்கையில் இத்திட்டத்தை அறிவித்தார் அப்போதைய நிதியமைச்சர் அருண் ஜேட்லி. ஆண்டுதோறும் 2.2 லட்சம் பேருக்குப் புதிதாகச் சிறுநீரகம் முற்றிலும் செயலிழப்பதாகவும், டயாலிசிஸ் தேவையில் பாதியே நிறைவேறுவதாகவும் அவர் கூறினார்.

தனியார் கூட்டுடன் நடைபெறும் இத்திட்டத்தில் கருவி, பணியாளர் ஆகியவை நிறுவனத்தின் பொறுப்பு. இடம், மின்சாரம், தண்ணீர் ஆகியவை மாநில அரசின் பொறுப்பு. கட்டணம், செய்யப்படும் டயாலிசிஸின் எண்ணிக்கைப்படி வழங்கப்படுகிறது. ரத்த வழி நலமாக உள்ளதா என்பது இந்த எண்ணிக்கையில் தெரிவதில்லை.

சுருங்குவது ஏன்?

கையிலுள்ள தமனியையும் சிரையையும் அறுவைச் சிகிச்சையால் இணைத்து அமைக்கப்படும் வழியே ஃபிஸ்டுலா. நியூயார்க் மருத்துவர்கள் 1966-ல் அறிமுகப்படுத்திய இம்முறையே இன்றும் சிறந்ததாகக் கருதப்படுகிறது. பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் இரண்டு ஊசிகள் இதில் செலுத்தப்படுகின்றன.

மெல்லிய சிரைக்குள் தமனி ரத்தம் வேகத்துடன் பாய்வதால் அதன் உட்சுவர் தடித்துச் சுருங்குகிறது. அப்போது ரத்தம் போதிய அளவு சுத்தமாவதில்லை. கவனிக்காவிட்டால் உறைந்து வழியே அடைபடுகிறது. பின்னர் கழுத்துச் சிரையில் குழாய் செருக வேண்டும். அதில் கிருமித் தொற்று அபாயம் அதிகம்.

சுருக்கத்தை உரிய நேரத்தில் கண்டறிந்தால், மெல்லிய கம்பி வழியே பலூனைச் செலுத்தி விரித்துச் சரிசெய்யலாம். பெரும்பாலும் நோயாளி அன்றே வீடு திரும்பலாம். எனினும் சில மாதங்களில் மீண்டும் சுருங்குவதுண்டு. மருந்து பூசிய பலூன் இதைத் தாமதப்படுத்துவதாக 2020-ல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

70 கி.மீ. தொலைவு

தமிழர்களும் கணிசமாக வாழும் ஆந்திரத்தின் சித்தூர் பகுதி இச்சிக்கலுக்கு ஓர் எடுத்துக்காட்டு. 2007-ல் ஆரோக்கியஸ்ரீ என்ற பெயரில் தொடங்கிய மாநிலத் திட்டத்தின்கீழ் அங்கு ஏழைகளுக்கு டயாலிசிஸ் இலவசம். டயாலிசிஸ் நோயாளிகளுக்கான மாத உதவித்தொகையும் 2019-ல் ரூ. 10 ஆயிரமாக உயர்த்தப்பட்டது.

ஆனால் உயர் சிகிச்சைக்கான அரசு சார்ந்த பெரிய நிறுவனம் இருப்பது சுமார் 70 கி.மீ. தொலைவிலுள்ள திருப்பதியில்தான். திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் முயற்சியால் உருவாகி 1993-ல் செயல்படத் தொடங்கிய ஸ்ரீ வெங்கடேஸ்வரா மருத்துவ அறிவியல் நிறுவனமே அது. 2022-ல் திருப்பதி தனி மாவட்டமானதால் நிர்வாக எல்லையும் குறுக்கே வந்துள்ளது.

வாரத்தில் மூன்று நாள்களை டயாலிசிஸுக்கு இழக்கும் கூலித் தொழிலாளிக்கு, பரிசோதனைக்காக மேலும் ஒரு நாள் பயணம் என்பது ஒரு நாள் கூலி இழப்பு. எனவே கை வீங்கும்வரை அல்லது வழி அடைபடும்வரை தள்ளிப்போட நேரிடுகிறது. அடைபட்ட பிறகோ ஓரிரு நாள்களுக்குள் சிகிச்சை கிடைத்தாக வேண்டும்.

செலவில்லாத பரிசோதனை

இதைத் தவிர்க்கும் முதல் படிக்குச் செலவே இல்லை. ஒவ்வொரு முறையும் ஊசி செலுத்துமுன் ஃபிஸ்டுலாவைப் பார்த்து, தொட்டு, காதுகொடுத்துக் கேட்டாலே போதும். வழக்கமான அதிர்வு குறைவது, ஊசியை எடுத்த பின் ரத்தக் கசிவு நீடிப்பது, கருவியில் அழுத்தம் உயர்வது ஆகியவை எச்சரிக்கைகள். இவற்றைப் பதிவு செய்து, உடனே டாப்ளர் ஸ்கேனுக்கு அனுப்பும் ஏற்பாடே தேவை.

மருத்துவமனைகள் மாநிலப் பட்டியலில் உள்ளன. ஆயினும் டயாலிசிஸ் திட்டத்துக்குத் தேசிய சுகாதார இயக்கத்தின் வழியே நிதி வழங்குவது மத்திய அரசு. எத்தனை கருவிகள் நிறுவப்பட்டன என்று நாடாளுமன்றத்தில் கேட்கும் உறுப்பினர்கள், எத்தனை நோயாளிகளின் ஃபிஸ்டுலா செயல்படுகிறது, எத்தனை பேர் கழுத்துக் குழாயுடன் காலம் தள்ளுகிறார்கள் என்றும் கேட்க வேண்டும். திட்டத்தின் வெற்றியை அளக்கும் கணக்கு அதுவே.