கூந்தன்குளத்துக்கு வருவது யார்?

மார்கழி பிறந்ததும் திருநெல்வேலிக் குளங்களைப் பற்றி ஒரு செய்தி தவறாமல் வரும்: 'வெளிநாட்டுப் பறவைகள் குவிந்தன'. கூடவே வரும் படத்தில் பெரும்பாலும் கூழைக்கடா இருக்கும், இல்லாவிட்டால் மஞ்சள் மூக்கு நாரை. இரண்டுமே நம் நாட்டுப் பறவைகள்தான். தண்ணீரும் மீனும் இருக்கும் இடம் தேடி அலையும். இங்கேயே கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும். சைபீரியாவுக்கும் அவற்றுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது.

தொலைதூரத்திலிருந்து வருகிறவை குளத்தின் நடுவில் கரும்புள்ளிகளாகத் தெரிகிற வாத்துகள்: ஊசிவால் வாத்து, நீலச்சிறகி, தட்டைவாயன். கரையோரச் சேற்றைக் குத்திக்கொண்டிருக்கும் உள்ளான்களிலும் பல அப்படித்தான். தொலைநோக்கி இல்லாமல் போனால் இவை கண்ணில் படுவதே அரிது. திடீரென்று மொத்த வாத்தும் ஒரே நேரத்தில் எழும்பினால் வானத்தைப் பாருங்கள். அநேகமாகச் சேற்றுப் பூனைப்பருந்து ஒன்று தாழப் பறந்து வந்துகொண்டிருக்கும். அதுவும் வலசை வந்ததுதான்.

வெறுங்கண்ணுக்கே எடுப்பாகத் தெரிகிற வலசைக்காரர் வரித்தலை வாத்து. வெள்ளைத் தலையில் இரண்டு கறுப்புப் பட்டைகள். கோடையில் மங்கோலியாவிலும் திபெத்திலும் உள்ள மேட்டுநில ஏரிகளில் குஞ்சு பொரித்துவிட்டு, இமயமலையைத் தாண்டி வருகிறது. செயற்கைக்கோள் கருவி பொருத்திப் பின்தொடர்ந்த ஆய்வுகளில் 7,000 மீட்டருக்கு மேலும் அது பறந்தது பதிவாகியிருக்கிறது. அந்த உயரத்தில் காற்றிலுள்ள ஆக்சிஜன் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. இவ்வளவு பெரிய பயணியைப் பார்க்க நண்பகலில் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். தண்ணீர் ஓரத்தில் கூட்டமாகச் சும்மா நிற்கும். பகல் அதற்கு ஓய்வு நேரம். அந்தியில் கூட்டம் கூட்டமாக எழும்பி வயல்களுக்கு மேயப் போகும், விடியும்போது திரும்பும். போகிறவர்கள் அந்த நேரம் பார்த்துப் போகவேண்டும்.

மூலைக்கரைப்பட்டி பக்கத்தில் இருக்கும் கூந்தன்குளம் 1994-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலிலும் அது சேர்ந்ததாக 2022-இல் அறிவிக்கப்பட்டது. ஆனால் நாரைகள் இந்த அறிவிப்புகளுக்குக் காத்திருக்கவில்லை. ஊருக்குள், வீட்டு முற்றத்துப் புளியிலும் வேம்பிலும்கூடக் கூடு கட்டும். எச்சத்தின் வாடையையும் இரைச்சலையும் ஊர்க்காரர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. பறவை எச்சம் கலந்த குளத்து வண்டல் வயலுக்கு நல்ல உரம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். பக்தியும் பலனும் சேர்ந்த உறவு இது. பக்தி மட்டும் என்றால் இத்தனை காலம் நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான்.

தாமிரபரணி ஆற்றுக்குள் வருவது வேறு கூட்டம். பாபநாசத்துப் பாறைகளுக்கு இடையே வாலை ஆட்டிக்கொண்டு ஓடும் கருஞ்சாம்பல் வாலாட்டி, வாத்துகளுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்துவிடும். ஆற்றைவிடக் குளங்களில்தான் பறவைகள் அதிகம் என்றாலும், வாய்க்கால்கள் வழியே அந்தக் குளங்களில் பலவற்றை நிரப்புவது தாமிரபரணிதான்.

இந்தக் குளங்களில் 2011 முதல் ஏட்ரி என்ற சூழலியல் ஆய்வு நிறுவனத்தின் அகத்தியமலை மையம் தன்னார்வலர்களோடு ஜனவரிதோறும் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுத்து வருகிறது. பெரிய கூட்டத்தை ஒவ்வொன்றாக எண்ணமுடியாது. நூறு பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணால் பார்த்து மனத்தில் பதித்துக்கொண்டு, அந்த அளவால் கூட்டம் முழுவதையும் அளப்பார்கள்.

குளம் நிரம்பினால் பறவை தானாக வரும் என்பது பாதி உண்மை. உள்ளானுக்குக் கால் முங்காத ஆழம் வேண்டும். தட்டைவாயனுக்கு மேலாக அலசித் தின்ன ஆழமில்லாத நீர் வேண்டும். கூழைக்கடாவுக்கு மீனும், நாரைக்குக் கருவேல மரமும் வேண்டும். தூர்வாருகிறோம் என்று குளத்தைக் கிண்ணம்போல் ஒரே ஆழமாகத் தோண்டி, உள்ளே நின்ற நாட்டுக் கருவேலத்தையும் வெட்டி, சுற்றிலும் நடைபாதை போட்டு விளக்கு நட்டால் தண்ணீர் நிற்கும், பறவை நிற்காது. கரையோரம் சரிவாக இருக்கட்டும், ஒரு பக்கமாவது மனிதர் நடமாட்டமில்லாமல் இருக்கட்டும். இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்க வேண்டியதில்லை. திட்டம் போடும்போதே நினைவில் வைத்தால் போதும்.

இதில் உங்களுக்கும் வேலை இருக்கிறது. 2015 முதல் ஒவ்வொரு பொங்கலுக்கும் தமிழகப் பறவை ஆர்வலர்கள் பொதுமக்களைச் சேர்த்துக்கொண்டு பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள். குறைந்தது 15 நிமிடம் ஓர் இடத்தில் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் இபேர்ட் (eBird) இணையதளத்தில் பதியவேண்டும். கூந்தன்குளம்வரை போகவேண்டியதில்லை. உங்கள் ஊர்க் குளத்துக்குப் போய், அங்கே இருப்பது நான்கு கொக்கும் ஒரு மீன்கொத்தியும்தான் என்றாலும், அதை எழுதிப் போடுங்கள்.