ஹெர்பிஸ் 'பாசிட்டிவ்': ரிப்போர்ட்டைப் பார்த்ததும் முடிவு கட்டலாமா?

கரு கலைந்த பெண்ணுக்கு டாக்டர் 'டார்ச்' டெஸ்ட் எழுதித் தருகிறார். பெருந்துறையிலோ ஈரோட்டிலோ லேபில் கொடுத்த ரிப்போர்ட்டில் 'ஹெர்பிஸ் பாசிட்டிவ்' என்று வருகிறது. கூகுளில் தேடினால் 'பால்வினை நோய்' என்கிறது. அன்று இரவே வீட்டில் சந்தேகம் நுழைந்துவிடுகிறது. ஆனால் அந்த ஒரு வார்த்தை உண்மையில் எதைச் சொல்கிறது?

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ் வைரஸ் இரண்டு வகை. முதல் வகை பெரும்பாலும் வாயோரக் கொப்புளம் தருவது. சிறுவயதில் பெரியவர்கள் கொடுக்கும் முத்தத்திலேயே தொற்றக்கூடியது. உலகில் 50 வயதுக்குட்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்கினரிடம் இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. இரண்டாம் வகைதான் பெரும்பாலும் தாம்பத்திய உறவின் வழியே பரவுவது.

ரத்தப் பரிசோதனை வைரஸைத் தேடுவதில்லை. அதற்கு எதிராக உடல் உருவாக்கிய எதிர்ப்புப் பொருளைத்தான் அளக்கிறது. 'டார்ச்' டெஸ்டில் வரும் ஐஜிஎம் இரண்டு வகையையும் சரியாகப் பிரித்துக் காட்டாது. தொற்று புதியதா பழையதா என்பதையும் உறுதியாகச் சொல்லாது. அதை வைத்து முடிவு செய்யக் கூடாது என்பதே மருத்துவ வழிகாட்டுதல்.

ஐஜிஜி ரிப்போர்ட்டில் ஓர் எண் இருக்கும். பல லேப்களில் 0.9-க்குக் கீழ் நெகட்டிவ், 0.9 முதல் 1.1 வரை இரண்டுங்கெட்டான் நிலை, அதற்கு மேல் பாசிட்டிவ். இரண்டாம் வகைக்கான எண் 3-க்குக் கீழ் இருந்தால் தவறான பாசிட்டிவாக இருக்கும் வாய்ப்பு அதிகம். 3-க்கு மேல் இருந்தாலும் வேறு முறையிலான இன்னொரு டெஸ்டால் உறுதி செய்ய வேண்டும். அமெரிக்காவின் எஃப்டிஏ 2023 ஜூனில் இதுகுறித்து எச்சரித்தது. அறிகுறி இல்லாதவர்களுக்கு இந்த டெஸ்டே வேண்டாம் என்று அந்நாட்டு நிபுணர் குழுவும் அதே ஆண்டு பரிந்துரைத்தது.

ஏன்? ஒரு கணக்கு பாருங்கள். 1000 பேரில் 20 பேருக்குத்தான் தொற்று என்று வைத்துக்கொள்வோம். தொற்று இல்லாத 980 பேரில் 100-க்கு 3 பேருக்கு டெஸ்ட் தவறினாலும் 29 பேருக்குப் பொய்யான பாசிட்டிவ் வரும். உண்மையான நோயாளிகளைவிட அது அதிகம்!

என்ன செய்யலாம்?

• ரிப்போர்ட்டுடன் தோல் மற்றும் பால்வினை நோய் மருத்துவரைப் பாருங்கள். கணவன், மனைவி இருவரும் சேர்ந்து செல்வது நல்லது.
• புண் இருந்தால், ஆறுவதற்குள் அதிலிருந்து எடுக்கும் பிசிஆர் டெஸ்டே நம்பகமானது.
• சமீபத்தில் தொற்றியிருக்கலாம் என்ற ஐயம் இருந்தால் 12 வாரம் கழித்து மீண்டும் ஐஜிஜி பாருங்கள்.
• கர்ப்பிணிகள் மறைக்க வேண்டாம். பிரசவ நேரத்தில் புண் இருந்தால் குழந்தைக்கு ஆபத்து; முன்பே சொன்னால் தடுக்க வழி உண்டு.

உறுதியான பாசிட்டிவ்கூட எப்போது, யாரிடமிருந்து தொற்றியது என்று சொல்லாது. இந்த வைரஸ் அறிகுறியின்றிப் பல ஆண்டுகள் உடலில் தங்கியிருக்கும். வந்த செய்தியைத் தீர விசாரிக்கவும், சந்தேகத்தைத் தவிர்க்கவும் அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்றுத் தருகிறது. லேப் ரிப்போர்ட்டும் ஒரு செய்திதான். அதை விசாரிக்காமல் துணையின் மீது பழி சுமத்திவிட்டால், பிறகு வரும் நெகட்டிவ் ரிப்போர்ட்டால் அந்தக் காயத்தை ஆற்ற முடியாது.