கூண்டில் ஏறாத அபாயம்

துறைமுகத்தில் புயற்கூண்டு ஏற்றினால், அதன் எண்ணைக் கேட்ட மாத்திரத்திலேயே வலையைச் சுருட்டிப் படகைக் கரையேற்றிவிடும் விவேகம், இராயபுரம், காசிமேடு தொடங்கித் திருவொற்றியூர், எண்ணூர் வரையிலுள்ள குப்பத்து ஜனங்களுக்குப் பரம்பரையாய் வாய்த்தது. காற்றையும் கடலையும் பற்றி அவர்களுக்கு எவரும் உபதேசிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கரையில் இன்று இயற்கையின் சீற்றம் தனித்து வருவதில்லை என்பதும், புயலோடும் வெள்ளத்தோடும் மனிதன் நிர்மாணித்த ஆலைகளின் அபாயமும் சேர்ந்தே வருகிறது என்பதும், அதை முன்னறிவிக்க எந்தக் கூண்டும் ஏறுவதில்லை என்பதுமே நாம் தீர ஆலோசிக்க வேண்டிய விஷயங்கள்.

இந்தச் சங்கடத்தின் மூலம் நெடுநாளையது. 1870களின் பிற்பகுதியில் கடலுக்குள் சுவர் எழுப்பிச் சென்னைத் துறைமுகத்தைக் கட்டத் தொடங்கினர், வேலை முடியுந் தறுவாயில், 1881 நவம்பரில் வீசிய புயல் அதைத் தகர்த்தது, மீண்டும் கட்டினர். தெற்கேயிருந்து வடக்கு நோக்கி அலைகள் ஆண்டுதோறும் இழுத்துச் செல்லும் மணலை அச்சுவர்கள் மறிக்கவே, தெற்கில் மெரினா அகன்றது, வடக்கில் கரை தேய்ந்தது. நகரத்தார் மாலையில் காற்று வாங்கும் அந்த விசாலமான மணற்பரப்பும், வடசென்னையில் கடல் கொண்டுபோன வீடுகளும் ஒரே கணக்கின் வரவும் செலவுமாகும். கருங்கல் கொட்டியும் தூண்டில் வளைவு அமைத்தும் ஓரிடத்தைக் காத்தால், அதற்கு வடக்கே அரிப்பு தலைகாட்டுகிறது.

கரைக்குப் பின்னேயோ, கொசஸ்தலையாறும் பக்கிங்ஹாம் கால்வாயும் வந்து சேரும் எண்ணூர்க் கழிமுகம், மழைவெள்ளத்தை வாங்கிக் கடலில் வடியவிடுவதற்காக இயற்கையே வகுத்த ஸ்தலம். அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. சதுப்பைத் தூர்த்த மேட்டில் கிடங்குகள் எழுந்தன. 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் மழையாய்க் கொட்டியபோது, மணலி சி.பி.சி.எல். எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெளியேறியதென மாசு கட்டுப்பாட்டு வாரியம் கண்டறிந்த எண்ணெய், வெள்ளத்தோடு கால்வாயில் இறங்கிக் கழிமுகமெங்கும் பரவிற்று. எர்ணாவூர்ப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் வடிந்த பின்னும், அது நின்ற உயரம் வரை சுவரில் கரிய பிசுக்கு அப்பிக் கிடந்தது. இறாலும் நண்டும் பிடித்துப் பிழைத்த மீனவர்கள், படகில் அமர்ந்து குவளையாலும் வாளியாலும் அந்தக் குழம்பை அள்ளிப் பீப்பாய்களில் நிரப்பினார்கள்.

அந்த மாதம் முடிவதற்குள், 26ஆம் தேதி நள்ளிரவில், கப்பலிலிருந்து எண்ணூர் உர ஆலைக்குக் கடலடியே செல்லும் குழாயில் அம்மோனியா கசிந்தது. பெரியகுப்பத்து ஜனங்கள் மூச்சுத் திணறி எழுந்து, குழந்தைகளை வாரிக்கொண்டு, எத்திசை ஓடுவதென்று தெரியாமல் தெருவுக்கு வந்தார்கள். பலர் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டார்கள். புயலில் பாறைகள் நகர்ந்து குழாய் பழுதுற்றிருக்கலாம் என்று ஆராய்ந்த குழு கருதியது. கரையைக் கடந்து, மறந்தும்போன புயல், மூன்று வாரங்கழித்து விஷவாயுவாய்த் திரும்பியது.

போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பின் 1989இல் வந்த அபாயகர இரசாயன விதிகள், ஆலைக்கு வெளியே வசிப்போருக்கும் அவசரகாலத் திட்டம் வேண்டும் என்கின்றன. 2005ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டம் மாவட்டந்தோறும் ஒரு திட்டம் கேட்கிறது. இவ்விரண்டையும் ஒன்றாய் இணைத்துப் பார்ப்பதே எண்ணூருக்குத் தேவை. சுழற்காற்று வீசும் அமெரிக்க நடுமேற்கில், சோளக் கொல்லைகள் சூழ்ந்த சிற்றூர்களிலும் அபாயச் சங்கு ஒலிக்கிறது. ஆலைகள் நெருங்கிய நம் குப்பங்களிலும் அது ஒலிக்கட்டும். ஐப்பசி மழைக்கு முன்னும், ஒவ்வொரு புயலுக்குப் பின்னும், தொட்டிகளையும் குழாய்களையும் சோதித்து முடிவைப் பகிரங்கப்படுத்தட்டும். எந்த ஆலையில் எந்த வாயு இருக்கிறது, கசிந்தால் காற்றின் திசையறிந்து எப்பக்கம் ஒதுங்குவது என்பதை வீட்டுக்கு வீடு தமிழில் சொல்லிப் பழக்கட்டும். கழிமுகத்தில் இனி ஒரு கூடை மண்ணும் விழாதிருக்கட்டும். துறைமுகத்தாலும் ஆலைகளாலும் தேசம் ஈட்டிய செல்வத்துக்கு இதுவரை அந்தக் கரையோர ஜனங்களே கிரயம் செலுத்தி வந்திருக்கிறார்கள். அவர்களுக்கு நாம் பட்ட கடனில் இது முதல் தவணை.