ஒட்டுமுடி: கழற்றத் தெரிந்த கை

ஹேர் எக்ஸ்டென்ஷன் என்பது சொந்த முடியோடு வேறு முடியைச் சேர்த்து நீளத்தையும் அடர்த்தியையும் கூட்டிக் காட்டும் வேலை. பெயர்தான் புதிது. சவுரி வைத்துப் பின்னுவது தமிழ்நாட்டில் பாட்டி காலத்துப் பழக்கம். சவுரியை இரவில் கழற்றி ஆணியில் மாட்டிவிடலாம். எக்ஸ்டென்ஷன் வாரக்கணக்கில், சில வகைகளில் மாதக்கணக்கில் தலையிலேயே இருக்கும். இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் அதன் அழகும் வருகிறது, தொல்லையும் வருகிறது.

அனுமந்தை போன்ற ஊரில் இதற்கு ஆள் தேட இரண்டு வழிகள் உண்டு. கல்யாண மேக்கப்புக்கு வீட்டுக்கே வரும் பியூட்டிஷியனிடம் சொல்வது ஒன்று. பஸ் ஏறிப் புதுச்சேரி சலூன் ஒன்றுக்குப் போவது இன்னொன்று. ஊர் இருப்பது விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் வட்டத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி. அதே சாலையில் தெற்கே போனால் காலாப்பட்டு வந்துவிடும்; அது புதுச்சேரி யூனியன் பிரதேசம். எல்லை தாண்டிப் போய் வைத்துக்கொண்ட முடியில் கோளாறு வந்தால் யாரைக் கேட்பது என்ற தயக்கம் இயல்பானது. அதற்குச் சட்டத்தில் நேரான பதில் இருக்கிறது. அதைப் பிறகு பார்க்கலாம்.

முதலில் வகைகள். கிளிப் வகை, நவீன சவுரி என்றே சொல்லலாம்: காலையில் மாட்டி இரவில் எடுத்துவிடுவது. டேப் வகையில், சொந்த முடியின் மெல்லிய ஓர் அடுக்கை நடுவில் வைத்து மேலும் கீழும் ஒட்டும் பட்டைகளை அழுத்துவார்கள். மைக்ரோ ரிங் என்பது சின்ன உலோக வளையத்துக்குள் முடிக் கற்றையை நுழைத்துக் குறடால் நசுக்குவது. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் வளையங்களைப் பற்றி முன்கூட்டியே சொல்ல வேண்டும், பெரும்பாலும் கழற்றச் சொல்வார்கள். கெரட்டின் பாண்டிங்கில் சூட்டில் உருகும் பசைத் துளி முடியைப் பிடித்துக்கொள்ளும். தையல் வகையில் சொந்த முடியை மண்டையோடு ஒட்ட இறுக்கிப் பின்னி, அதன்மேல் முடிச் சரத்தைத் தைப்பார்கள். முடி மாதத்துக்குச் சுமார் 1 செ.மீ. வளர்வதால் ஒட்டிய இடம் வேரைவிட்டு மெல்ல இறங்குகிறது. இறங்க இறங்கச் சிக்கும் இழுவையும் கூடும். அதனால்தான் டேப்பை 6 முதல் 8 வாரத்துக்கு ஒருமுறை கழற்றி மேலேற்ற வேண்டும். பாண்டிங்கை 3, 4 மாதத்துக்குள் எடுத்துவிட வேண்டும். இந்தக் கணக்கை முதல் நாளே சொல்லாதவர் பாதி விலையைத்தான் சொல்லியிருக்கிறார்.

இனி, சேர்க்கப்படும் முடி. திருப்பதியில் காணிக்கையாக விழும் முடி ஏலத்தில் போவது தெரிந்த விஷயம். கோயில் மொட்டையில் கிடைக்கும் நீள முடிக்கு உலகச் சந்தையில் தனி மதிப்பு உண்டு. காரணம், ஒரே தலையிலிருந்து ஒரே வீச்சில் எடுப்பதால் எல்லா இழையும் வேர் ஒரு பக்கம், நுனி ஒரு பக்கம் என்று ஒரே திசையில் இருக்கும். வியாபாரத்தில் இதை ‘ரெமி’ என்பார்கள். மற்றொன்று சிக்கு முடி: சீப்பில் வருவதைச் சுருட்டி வைத்து, தெருவில் வரும் வியாபாரியிடம் பாத்திரத்துக்கோ காசுக்கோ போடுவது. அதில் வேரும் நுனியும் கலந்து கிடக்கும். முடியின் மேல் செதில்கள் ஒன்றோடொன்று கொக்கி போட்டுக்கொள்ளும் என்பதால் அமிலத்தில் நனைத்துச் செதிலை அரித்து, மேலே சிலிக்கோன் பூசி மினுக்கி விற்பார்கள். நாலைந்து முறை தலைக்குக் குளித்ததும் பூச்சு போய்விடும், முடி தும்பாகிவிடும். தேங்காய் நாரைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

வாங்கும்போதே ஓரளவு சோதிக்கலாம். நாலு இழையை நுனியிலிருந்து வேர்ப்பக்கமாக விரலால் நீவினால் ரெமி முடி லேசாகச் சொரசொரக்கும், எதிர்த்திசையில் வழுக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி வழுக்கினால் செதில் போன முடி, அல்லது செயற்கை இழை. தனியாக எடுத்த ஓர் இழையைத் தீக்குச்சியில் காட்டினால் மனித முடி இறகு கருகும் நாற்றத்துடன் எரிந்து, விரலில் பொடியும் சாம்பலாகும். செயற்கை இழை உருகிக் கெட்டி மணியாகும். ஓர் இழை கேட்டதற்கே முகம் சுளிக்கும் கடையில் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

ஆபத்துகளில் முதன்மையானது இழுவையால் வரும் முடியுதிர்வு. தொடர்ந்து இழுபடும் மயிர்க்கால் வீங்கும், பிறகு மெலிந்த முடியைத் தரும், பல காலம் நீடித்தால் தழும்பாகி நிரந்தரமாக மூடிவிடும். முதலில் பாதிப்பது நெற்றி ஓரமும் காதுக்கு மேல் உள்ள பகுதியும்தான். வைத்த அன்று இரவு தலையணையில் சாய முடியாத வலி, முடியைச் சுற்றிச் சின்னக் கொப்புளங்கள், தலையை அசைத்தால் சுரீரென்ற இழுப்பு ஆகியவை எச்சரிக்கை. ‘இரண்டு நாளில் சரியாகிவிடும்’ என்ற பதில் போதாது. இந்த நிலையில் கழற்றிவிட்டால் முடி பெரும்பாலும் திரும்ப வளரும். அடுத்தது ஒவ்வாமை. ஒட்டும் பசையிலுள்ள அக்ரிலேட், சில பசைகளில் உள்ள லேடெக்ஸ், நிறம் பொருந்துவதற்காகச் சொந்த முடிக்கு அடிக்கும் டையில் உள்ள பிபிடி என்ற ரசாயனம் ஆகிய மூன்றும் தோலைப் புண்ணாக்கக் கூடியவை. கல்யாணத்துக்கு வாடகைக்கு வரும் முடியில் வேறு ஆபத்து: முந்தைய தலையின் பேனும் படர்தாமரையும் சேர்ந்து வரலாம்.

இந்தக் கடலோரத்தின் உப்பளக் கரைக்கென்று சில கவலைகள் உண்டு. உப்பு அள்ளும் பெண்ணின் தலையில் சும்மாடு, சும்மாட்டின்மேல் கூடை. அந்தப் பாரம் இறங்கும் இடம் உச்சி. ரிங்கும் பாண்டும் அங்கே இருந்தால் ஒவ்வொரு நடைக்கும் மண்டைத் தோலில் அழுந்தும். வெயிலில் ஊறும் வியர்வை டேப்புக்கு அடியில் தங்கி நமைச்சல் தரும். உவர்ப்பான போர்த் தண்ணீர், சேர்த்த முடியை இன்னும் வறட்டும். அந்த முடிக்கு வேரிலிருந்து எண்ணெய்ப் பசை ஏற வழியில்லை. வறட்சிக்கு வீட்டில் தெரிந்த மருந்து தேங்காய் எண்ணெய். அதுதான் டேப்புக்கு முதல் எதிரி: வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளித்தால் பட்டை வழுக்கி இறங்கும். எண்ணெய் தேய்ப்பீர்களா, தலையில் சுமப்பீர்களா, வீட்டில் என்ன தண்ணீர் என்று கேட்டுவிட்டு வகையைச் சொல்பவர் ஊரை அறிந்த தொழிலாளி. சுமை தூக்கும் தலைக்குக் கிளிப்பைத் தவிர வேறெதுவும் பொருந்தாது என்று அவர் சொன்னால், விற்பனை குறைந்தாலும் பரவாயில்லை என்று நினைக்கிறார் என்று பொருள்.

நல்ல ஆளைக் கண்டுபிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. மருத்துவருக்கும் வழக்கறிஞருக்கும் இருப்பது போன்ற சட்டப்படியான பதிவு இந்தியாவில் அழகுக்கலைஞருக்குக் கிடையாது. ஐ.டி.ஐ.யில் அழகுக்கலைப் படிப்பு இருக்கிறது, தனியார் சான்றிதழ்களும் ஏராளம். சுவரில் தொங்கும் சட்டகம் படித்ததைச் சொல்லும், கைப்பழக்கத்தைச் சொல்லாது. ‘வைப்பதற்கு முன், வைத்த பின்’ படங்கள் அதையும்விடக் குறைவாகவே சொல்கின்றன, எல்லாம் முதல் நாள் எடுத்தவை என்பதால். கேட்க வேண்டியது மூன்றாவது படத்தை: இரண்டு மாதம் கழித்துக் கழற்றிய பின் அந்தத் தலை எப்படி இருந்தது? ஒட்டுவதை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கழற்றுவதில்தான் பொறுமையும் படிப்பும் தெரியும். பட்டையின் ஓரத்தில் ரிமூவரை விட்டு, சில நிமிடம் ஊறவிட்டு, தானாக நழுவும்வரை காத்திருந்து, மிச்சப் பசையை நுனியிலிருந்து மேல்நோக்கிச் சீவி எடுப்பது சரியான முறை. வெறுங்கையால் பிய்ப்பவரிடம் தலையைக் கொடுக்கக் கூடாது. முடிந்தால், வேறொருவருக்குக் கழற்றும் நாளில் போய் உட்கார்ந்து பார்ப்பது உத்தமம்.

கழற்றும்போது கொத்தாக முடி வருவதைப் பார்த்துப் பதற வேண்டாம். யாருக்கும் நாளொன்றுக்கு 50 முதல் 100 முடி உதிர்வது வழக்கம். அது கீழே விழாமல் பட்டையில் இத்தனை நாள் மாட்டியிருந்தது. ஓர் இழையை வெளிச்சத்தில் பிடித்தால், தானாக உதிர்ந்ததன் ஒரு முனையில் வெள்ளையாகச் சிறு குமிழ் இருக்கும். குமிழ் இல்லாத குட்டை இழைகள் நிறைய இருந்தால் முடி உடைந்திருக்கிறது. இந்த வித்தியாசம் பின்னால் புகாருக்கும் உதவும்.

பசையையோ டையையோ 48 மணி நேரம் முன்னதாகக் காதின் பின்னால் சிறிது தடவிப் பார்க்கும் பேட்ச் டெஸ்ட்டைத் தவிர்க்கவே கூடாது. பிபிடி போன்றவை உள்ள டைகளின் உறையில் இந்த முன்சோதனை எச்சரிக்கை இருக்க வேண்டும் என்பது அழகுசாதனப் பொருள் விதிகளின் கட்டாயம். 2020-இல் வந்த அந்த விதிகளின்படி தயாரித்தவர் பெயர், பேட்ச் எண், பயன்படுத்தும் கடைசி நாள், சேர்மானங்கள் எல்லாம் உறையில் இருக்க வேண்டும். பெயரில்லாத டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுவதை மறுக்க வாடிக்கையாளருக்கு முழு உரிமை உண்டு. இன்னொன்று, பிள்ளை பெற்று 3, 4 மாதத்தில் கொட்டும் முடி பெரும்பாலும் தானே திரும்பும். அப்போது எக்ஸ்டென்ஷன் கேட்டு வருபவரைத் திருப்பி அனுப்புகிற பியூட்டிஷியன் கிடைத்தால் அவரை விடக் கூடாது.

காசு கொடுக்கும் இடத்தில் சட்டம் தொடங்குகிறது. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் முடியின் வகை, நீளம், எடை, ஒட்டும் முறை, கழற்றும் கட்டணம் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே எழுதியாகிவிட்டது. வீட்டுக்கு வரும் பியூட்டிஷியனிடம் பில் புத்தகம் இருக்காது. அவர் கைப்பட எழுதிய ரசீது, யு.பி.ஐ. பணம் போன பதிவு, ‘நூறு சதம் மனித முடி’ என்று சொன்ன வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றை அழிக்காமல் வைத்தால் போதும். சேவை குறையுடையது என்றானால் பில்லில் சொன்ன காலத்துக்குள், சொல்லாவிட்டால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர மறுப்பதும் அதே சட்டத்தின் கீழ் முறையற்ற வணிக நடவடிக்கைதான். ‘நிர்வாகம் பொறுப்பல்ல’ என்று பில்லின் அடியில் அச்சிட்ட வரி புகார் செய்யும் உரிமையைப் பறித்துவிடாது.

தலை புண்ணாகிவிட்டால் முதல் வேலை மருத்துவரைப் பார்ப்பது. மரக்காணம் அரசு மருத்துவமனையில் தொடங்கலாம்; தோல் மருத்துவருக்கு முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையோ, புதுச்சேரி ஜிப்மரோ. வெளிநோயாளிச் சீட்டில் காரணத்தை எழுதச் சொல்ல வேண்டும். கழற்றுவதற்கு முன்னும் பின்னும் தேதி தெரியும்படி படம் எடுத்து, உதிர்ந்த முடியையும் பசை டப்பாவின் படத்தையும் ஓர் உறையில் போட்டு வைப்பது நல்லது. கடைக்கு எழுத்தில் ஒரு கடிதம். பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்.

முன்பு விட்ட கேள்விக்கு வருவோம். பழைய 1986 சட்டத்தில் எதிர்தரப்பு இருக்கும் இடத்திலோ பிரச்சினை எழுந்த இடத்திலோதான் புகார் செய்ய முடியும். 2019 சட்டத்தின் 34-ஆம் பிரிவு புகார்தாரர் குடியிருக்கும் இடத்தையும் சேர்த்துவிட்டது. எனவே புதுச்சேரியில் முடி வைத்துக்கொண்ட அனுமந்தைப் பெண் விழுப்புரம் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயமில்லை. வக்கீல் வேண்டுமென்றால், வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவசச் சட்ட உதவி உண்டு: எண் 15100. பசையோ ரசாயனமோ பட்டுத் தலை வெந்துபோகும் அளவுக்கு அலட்சியம் நடந்திருந்தால் அது காவல் நிலைய விஷயம். சம்பவம் நடந்தது வேறு எல்லை என்று மரக்காணத்தில் திருப்பி அனுப்ப முடியாது. எந்த நிலையத்திலும் தகவலைப் பதிய 2024 ஜூலை முதல் நடப்பிலுள்ள குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வழி செய்கிறது.

எவ்வளவு கேட்பது என்பதில் டெல்லி வழக்கு ஒன்று படிக்கத் தக்கது. 2018 ஏப்ரலில் ஒரு நட்சத்திர ஓட்டல் சலூனில், கீழிருந்து 4 அங்குலம் வெட்டச் சொன்ன பெண்ணுக்கு மேலே 4 அங்குலம்தான் மிஞ்சியது என்பது புகார். தேசிய ஆணையம் 2021 செப்டம்பரில் 2 கோடி ரூபாய் இழப்பீடு விதித்தது. 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், சேவைக் குறைபாடு என்ற முடிவில் கை வைக்கவில்லை. ஆனால் 2 கோடிக்கு ஆதாரம் எங்கே என்று கேட்டு, தொகையை ரத்து செய்து திருப்பி அனுப்பியது. நஷ்டத்துக்கு ரூபாய்க் கணக்கு காட்டும் காகிதம் வேண்டும்: பில், மருந்துச் சீட்டு, வேலைக்குப் போகாத நாட்களின் கூலி. இவற்றோடு ஆணையத்துக்குப் போகச் சட்டம் தரும் கெடு, பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகள்.