பஸ்ஸுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவே

மாற்றுத்திறனாளிகளுக்கான அணுகல் விதிகளைக் கட்டாய விதிகளாக மாற்றி எழுத, உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8 அன்று மத்திய அரசுக்கு மூன்று மாதக் கெடு விதித்தது. அதையொட்டி வந்த வாசகர் கடிதங்களில் ஒரு குழப்பம்: தனிப்பாதை பஸ் ஸ்டேஷன்களில்தான் மெட்ரோ மாதிரி சமதளத்தில் ஏறலாமே, அங்கே புதிதாக என்ன விதி?

அகமதாபாத்தைப் பார்ப்போம். 2009 அக்டோபரில் ஓடத் தொடங்கிய ஜன்மார்க் தனிப்பாதை பஸ் சேவையில் பிளாட்பாரமும் பஸ்ஸின் தரையும் ஏறத்தாழ 90 செ.மீ. உயரம். அதிகாரிகள் சமதளம் என்பது இந்த உயரக் கணக்கைத்தான். இரண்டுக்கும் நடுவே விழும் இடைவெளி அதில் சேராது. சக்கர நாற்காலியின் சின்ன முன்சக்கரம் மாட்டிக்கொள்வதோ அந்த இடைவெளியில்தான்.

இடைவெளி மாறாமல் காக்க ரயிலுக்குத் தண்டவாளம் இருக்கிறது. பஸ்ஸுக்கு டிரைவரின் கைதான். ஸ்டேஷன் சாலை நடுவில், கதவு வலப்பக்கம். ஆகவே பிளாட்பார விளிம்பு டிரைவரின் ஜன்னலை ஒட்டியே வருகிறது. கெட்டிக்கார ஏற்பாடு, மறுக்க முடியாது. ஆனால் ஸ்டேஷனுக்கு முன்னால் நேரான பாதை போதாவிட்டால், வளைவிலிருந்து வரும் நீள வண்டி நிமிர்வதற்குள் நிறுத்த வேண்டிய இடம் வந்துவிடும். முன்பக்கம் ஒட்டி நிற்கும், பின்கதவு விலகி நிற்கும். உரசினால் பாடியில் விழும் கீறலுக்கு யார் பதில் சொல்வது? டிரைவர் தள்ளியே நிறுத்துவார். வரைபடத்தில் ஸ்டேஷனுக்கு இடம் குறித்தபோதே பாதி முடிவான விஷயத்துக்குப் பழி அவர் தலையில்.

உயரமும் நிலையானதல்ல. கூட்டம் ஏறினால் வண்டி தாழும். பழைய தாரைச் சுரண்டாமல் புதுத் தார் போட்டால் (நம் ஊர் வழக்கம்தான்) வண்டி உயரும், பிளாட்பாரம் உயராது.

பிரேசிலின் குரிடிபாவில், 1991-ல் வந்த குழாய் வடிவ ஸ்டேஷன்களில், கதவு திறக்கும்போது பஸ்ஸிலிருந்து ஒரு பலகை மடங்கி இறங்கி விளிம்பில் படியும். இடைவெளி இருக்கத்தான் செய்யும் என்று ஒப்புக்கொண்டு செய்த வேலை அது.

மற்ற கேள்விகள். தாழ்தளப் பேருந்து போதாதா? அதுவும் விளிம்பை ஒட்டி நிற்க வேண்டுமே.

ஸ்டேஷன் ஏன் நடுச்சாலையில்? ஓரத்தில் ஆட்டோ நிற்கிறது.

அங்கே எப்படிப் போவது? சாலையைக் கடந்துதான், சிக்னல் இல்லாத இடத்தில் சமதளம் பற்றிப் பேசிப் பயனில்லை.

புதிய விதிகளில் எதைத் தேடுவது? இடைவெளிக்கு செ.மீ. கணக்கில் ஓர் உச்சவரம்பு. கூட்டம் ஏறிய வண்டியில், பின்கதவருகே, அதை யார் அளப்பார்கள் என்பதும்.