தானக் கடை ஏலத்தில் பழம்பொருள் கொள்முதல்

நம் அங்கத்தினர் குடும்பங்கள் பலவற்றில் ஒரு பிள்ளையாவது இன்று அமெரிக்காவில் இருக்கிறது. அந்தப் பிள்ளைகளில் சிலர் வேலை போக மிச்ச நேரத்தில் பழைய காமிரா, வெள்ளிச் சாமான், பீங்கான், கைக்கடிகாரம், பொம்மை முதலியவற்றைக் கம்ப்யூட்டர் வழி ஏலத்தில் எடுத்து, மறுபடி விற்றுக் காசு பார்க்கிறார்கள். "அப்பா, இதில் கொஞ்சம் முதல் போடலாமா?" என்று கேட்டு வரும் போன் நம்மில் பலருக்கு வந்திருக்கும். அந்தப் பொருள்களைப் பற்றி நமக்குத் தெரியாமல் இருக்கலாம். ஏலம் என்பது நமக்குத் தெரிந்த தொழில். ஆகவே அந்த வியாபாரம் எப்படி நடக்கிறது, எங்கே கை சுடும் என்பதை நம் கடைக் கணக்கு பாஷையில் எழுதலாம் என்று நினைத்தேன்.

அமெரிக்காவில் 'த்ரிஃப்ட் ஸ்டோர்' என்று ஒரு வகைக் கடை உண்டு. ஜனங்கள் தங்களுக்கு வேண்டாத துணிமணி, பாத்திரம், சாமான்களைத் தானமாகக் கொடுப்பார்கள். கடை அதை விற்று, வரும் பணத்தைத் தர்ம காரியத்துக்குச் செலவிடும். இவற்றில் பெரியது 'குட்வில்'. 1902ல் பாஸ்டன் நகரில் எட்கர் ஹெல்ம்ஸ் என்ற மெதடிஸ்ட் பாதிரியார் ஆரம்பித்தது. பணக்கார வீடுகளில் பழைய துணியையும் சாமானையும் சேகரித்து, ஏழைகளைக் கொண்டு பழுது பார்க்கச் செய்து, விற்ற பணத்தில் அவர்களுக்கே கூலி கொடுத்தார். இன்று அந்த ஸ்தாபனத்துக்கு மூவாயிரத்துக்கும் அதிகமான கடைகள் இருக்கின்றன. 1999ல் கலிபோர்னியாவில் ஆரஞ்சு கவுண்டி கிளையார் 'ஷாப்குட்வில்' என்ற பெயரில் ஏலத் தளம் ஒன்றைத் தொடங்கினார்கள். இப்போது நாடு முழுவதிலும் உள்ள பல கிளைகள் அதில் சரக்கு ஏற்றுகின்றன.

இங்கேதான் நம்மவர்கள் முதல் தப்புக் கணக்குப் போடுகிறார்கள். தானமாக வந்த சரக்குக்கு அடக்க விலை சூன்யம், அதனால் கிடைக்கிற விலைக்குத் தள்ளிவிடுவார்கள் என்பது அந்தக் கணக்கு. அடக்கம் சூன்யம் என்பது வாஸ்தவம். ஆனால் விலையை வைப்பது விற்பவர் அல்லவே, போட்டிக்கு வருகிறவர்கள்தானே? மேலும், தானம் வந்து இறங்கியதுமே தரம் பிரிக்க ஆட்கள் இருக்கிறார்கள். விலை போகும் என்று பட்டதைக் கடைத் தட்டுக்கு விடாமல் எடுத்து ஏலத்துக்கு அனுப்பிவிடுகிறார்கள். முன்பு காலையில் கடை திறந்ததும் ஓடிப்போய் அள்ளியவர்களுக்குக் கிடைத்தது இப்போது அந்தத் தேசம் முழுவதும் பார்க்கிற இடத்துக்குப் போய்விட்டது.

பென்சில்வேனியா மாநிலத்தில் டுபாய்ஸ் என்ற சின்ன ஊர். அங்கே உள்ள குட்வில் கடைக்குத் தானமாக வந்த நகைகளோடு ஒரு சிறு முகமூடி கிடந்தது. லெகோ பொம்மைக் கம்பெனி 2001ல் முப்பதே முப்பது செய்த 14 காரட் தங்க முகமூடிகளில் அது ஒன்று. 14 டாலர் 95 சென்டில் கேள்வி ஆரம்பித்தது. 2024ல் அது 18,101 டாலருக்குப் போயிற்று. அதற்கு முன் 2006ல் பிராங்க் வெஸ்டன் பென்சன் என்ற ஓவியரின் நீர்வர்ணப் படம் ஒன்று இதே தளத்தில் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம் டாலரைத் தாண்டியது. இந்தக் கதைகளைப் படித்து ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இரண்டிலும் லாபம் அடைந்தது தானம் பெற்ற கடைதான். எடுத்தவர்கள் முழு விலை கொடுத்து எடுத்தார்கள். எல்லாருக்கும் தெரிந்த நல்ல சரக்கில் அடிமாட்டு விலை என்பது ஏலத்தில் கிடையாது.

அப்படியானால் லாபம் எங்கே இருக்கிறது? சரக்கு இன்னதென்று விவரம் சரியாக எழுதப்படாத இடத்தில் இருக்கிறது. தரம் பிரிக்கிறவர் ஒரு நாளைக்குப் பல பொருள்களைக் கடத்துகிறார். எல்லாவற்றிலும் அவருக்கு ஞானம் இருக்க முடியாது. பத்துக் காமிரா ஒரு பெட்டியில், பெயரெல்லாம் எழுதாமல், மங்கலான ஒரு படத்தோடு வரும். அதில் ஒரு லென்ஸின் பெயரைப் படத்தைப் பெரிதாக்கிப் படித்தவனுக்கு மட்டும் அதன் மதிப்பு தெரியும். ஆகவே இது ஒரு பொருளைத் தெரிந்தவனுக்கான தொழில். காமிராவும் கடிகாரமும் பீங்கானும் எல்லாம் செய்கிறேன் என்பவனுக்கு இது சரிப்படாது. அரிசி வியாபாரி போய் ஏலக்காய் ஏலத்தில் உட்கார்ந்த கதைதான்.

போடிநாயக்கனூர் ஏலக்காய் ஏலத்தைப் பார்த்தவர்களுக்கு வித்தியாசம் உடனே விளங்கும். அங்கேயும் கேள்வி கம்ப்யூட்டரில்தான் போகிறது. ஆனாலும் ஒவ்வொரு லாட்டுக்கும் சாம்பிள் கைக்கு வருகிறது. நிறம், பருமன் பார்க்கலாம், ஓட்டை உடைத்து அரிசியைப் பார்க்கலாம். இந்தத் தானக் கடை ஏலத்தில் நாலு படமும் இரண்டு வரி விவரமும்தான் சாம்பிள். 'உள்ளது உள்ளபடி' என்பது விற்பனை நிபந்தனை. 'சோதித்துப் பார்க்கவில்லை' என்று எழுதியிருந்தால், ஓடாது என்று வைத்தே விலை போட வேண்டும். பீங்கானுக்கு அடிப்பக்கம், கடிகாரத்துக்குப் பின்மூடி, லென்ஸுக்கு வெளிச்சத்தில் பிடித்த உட்பக்கம், இவை படத்தில் இல்லாவிட்டால் ஏலம் முடிவதற்கு முன்பே கேள்வி எழுதிக் கேட்கலாம். பதில் வராவிட்டால் அடுத்த சரக்கைப் பார்ப்பது நல்லது.

முத்திரை படிக்கத் தெரிவது இந்தத் தொழிலில் பாதி. வெள்ளியில் 'ஸ்டெர்லிங்' என்றோ 925 என்றோ இருந்தால் ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி. 'இ.பி.என்.எஸ்.' என்று இருந்தால் நிக்கல் கலப்பு உலோகத்தின் மேல் வெள்ளி முலாம். 'நிக்கல் சில்வர்' என்ற பேரில் வெள்ளி இருந்தாலும் உலோகத்தில் வெள்ளி இல்லை; அது செம்பு, நிக்கல், துத்தநாகம். இதையும்விட ஏமாற்றுவது மெழுகுவத்தி ஸ்டாண்டு. 'ஸ்டெர்லிங்' முத்திரை உண்மையாகவே இருக்கும். பக்கத்தில் 'வெயிட்டட்' என்று இன்னொரு சொல்லும் இருக்கும். அப்படியென்றால் மேலே மெல்லிய வெள்ளித் தகடு, உள்ளே சிமெண்டோ அரக்குப் போன்ற பிசினோ அடைத்திருக்கிறது. தராசில் நிற்கிற எடையை வெள்ளி விலையால் பெருக்கியவன் கதி என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தங்க நகையில் '1/20 12 கே ஜி.எஃப்.' என்றால் மொத்த எடையில் இருபதில் ஒரு பங்குதான் 12 காரட் தங்கம், அதுவும் மேலே போர்த்திய தகடாக.

பீங்கானுக்குக் காலம் கணக்கிட நம் போன்றோருக்குப் பிடித்த வழி ஒன்று உண்டு. அது சுங்கச் சட்டம். 1890ல் அமெரிக்கா கொண்டுவந்த மெக்கின்லி சுங்கச் சட்டப்படி, இறக்குமதிச் சரக்கில் எந்த நாட்டில் செய்தது என்று எழுதியிருக்க வேண்டும் என்ற விதி 1891ல் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் அதற்குப் பிந்திய ஆங்கிலப் பீங்கானில் 'இங்கிலாந்து' என்று பார்க்கிறோம். ஜப்பான்காரர்கள் 'நிப்பான்' என்று போட்டு அனுப்பினார்கள். 1921ல் அது செல்லாது, 'ஜப்பான்' என்றே போட வேண்டும் என்று அமெரிக்கச் சுங்க இலாகா சொல்லிவிட்டது. யுத்தம் முடிந்தபின் 1952 வரை அன்னியப் படை அங்கே இருந்த காலத்தில் 'ஆக்யுபைட் ஜப்பான்' என்று வந்தது. ஆக ஒரு தட்டின் அடியில் உள்ள ஒரு சொல் அதன் வயதைச் சொல்கிறது. போலி முத்திரை குத்துகிறவனும் இதையெல்லாம் படித்திருப்பான் என்பதையும் மறக்கக் கூடாது.

இனி கேள்வி கேட்கும் முறைக்கு வருவோம். இந்த மாதிரித் தளத்தில் நம் உச்ச வரம்பை முன்கூட்டியே பதிந்து வைக்கலாம். உதாரணத்துக்கு நாம் 40 டாலர் என்று பதிந்து, நமக்கு அடுத்தவர் 26 வரைதான் வந்தார் என்றால், சரக்கு 27 அளவில் நமக்கு விழும். நம் வரம்பு மற்றவர்களுக்குத் தெரியாது. ஏறக்குறைய இரண்டாவது கேள்வியின் விலையை ஜெயித்தவர் கொடுக்கும் இந்த முறையைப் பற்றி 1961ல் வில்லியம் விக்ரி என்ற பொருளாதார அறிஞர் விளக்கி எழுதினார். ஏல ஆராய்ச்சியும் சேர்ந்துதான் 1996ல் அவருக்கு நோபல் பரிசைத் தந்தது. இந்த முறையில் ஒருவன் தன் உண்மையான மதிப்பை மறைத்துக் குறைத்துக் கேட்பதால் அவனுக்கு ஆதாயம் இல்லை என்பது அவர் காட்டியது. ஆகவே பொறுமையாகக் கணக்குப் பார்த்து ஒரே தொகையைப் பதிந்துவிட்டுத் தூங்கப் போகலாம். கடைசி நிமிஷத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு டாலராக ஏற்றுகிறவர்கள் சரக்கோடு மல்லுக்கு நிற்பதை விட்டு, எதிராளியோடு மல்லுக்கு நிற்கிறார்கள்.

ஜெயிப்பதிலேயே ஒரு நஷ்டம் ஒளிந்திருக்கிறது. 1971ல் அமெரிக்க எண்ணெய்க் கம்பெனிப் பொறியாளர்கள் மூவர், கடலடி எண்ணெய் நிலங்களுக்கு நடந்த ஏலங்களை வைத்து இதை எழுதினார்கள். சாக்கைப் பிரிக்காமல் பத்து வியாபாரிகள் உள்ளே எவ்வளவு நல்ல மிளகு இருக்கும் என்று ஊகிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். சிலர் குறைவாக, சிலர் கூடுதலாக நினைப்பார்கள். நடுவில் உள்ளவர்கள் உண்மைக்குப் பக்கத்தில் இருப்பார்கள். ஆனால் சாக்கு யாருக்குப் போகிறது? மிகவும் கூடுதலாக நினைத்தவருக்கு. ஆகவே கேட்கிறவர்கள் எண்ணிக்கை கூடக் கூட நம் ஊகத்திலிருந்து இன்னும் கொஞ்சம் கழித்தே வரம்பு போட வேண்டும். கூட்டம் சேர்ந்தால் துணிச்சல் வருவது மனித சுபாவம். கணக்கு அதற்கு நேர் எதிராக இருக்கிறது.

வரம்பு போடுவதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். ஒரு பொருளை நாம் 100 டாலருக்கு விற்க முடியும் என்று வையுங்கள். (இந்த நூறும் ஏற்கெனவே விற்று முடிந்த விலைகளைப் பார்த்துப் போட்டதாக இருக்க வேண்டும். யாரோ கேட்டுக்கொண்டிருக்கும் விலை கணக்கில் சேராது. கேட்கிற விலைக்கு வரி கிடையாது!) ஈபே போன்ற தளத்தில் விற்றால் கட்டணம் 13 டாலர் அளவில் போகும். உடைசல், ஓடாதது, திரும்பி வருவது ஆகியவற்றுக்கு 15 ஒதுக்குவோம். நம் உழைப்புக்கும் முதலுக்கும் 20. மிச்சம் 52. இதில் தானக் கடை நமக்கு அனுப்பும் பார்சல் கூலியும் கட்டுக்கூலியும் 21 என்றால் 31 ஆயிற்று. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி உண்டு. 2018ல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்தபின் வெளி மாநிலத்திலிருந்து ஆன்லைனில் விற்றாலும் மாநிலங்கள் அதை வசூலிக்க முடிகிறது. அதற்கு இரண்டு டாலர் கழித்தால் நம் உச்சக் கேள்வி 29. நூறு ரூபாய்ச் சரக்கு ஐம்பதுக்குப் போகிறதே என்று கை துறுதுறுக்கும்போது இந்தக் கணக்குச் சீட்டு பக்கத்தில் இருக்கட்டும்.

பார்சல் கூலியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. அங்கே எடையையும் பெட்டியின் பருமனையும் பார்த்து, எது அதிகமோ அதற்குக் கூலி போடுவார்கள். பஞ்சு மூட்டைக்கு நம் லாரி ஆபீசில் கணக்குப் போடுவது போலத்தான். பெரிய பொம்மை, விளக்கு, சட்டம் போட்ட படம் ஆகியவற்றில் சரக்கு விலையைவிடக் கூலி அதிகமாவது சகஜம். பக்கத்துக் கிளையாக இருந்து நேரில் போய் எடுத்துக்கொள்ள அனுமதி இருந்தால் அது பெரிய ஆதாயம். சின்னதாக, கனமில்லாமல், உடையாமல் இருக்கும் சரக்கே புதியவர்களுக்கு ஏற்றது.

நகைகளைப் பவுண்டு கணக்கில் குவியலாக ஏலம் விடுவதும் உண்டு. பெரும்பாலும் கண்ணாடி மணியும் முலாமும்தான். அதற்குள் தங்கக் கம்மல் இருக்கும் என்ற நம்பிக்கையில் விலை ஏறுகிறது. தரம் பிரிப்பவர் கண்ணில் பட்ட தங்கத்தை ஏற்கெனவே தனியாக எடுத்திருப்பார் என்பதை யோசித்தால் போதும்.

பொருளுக்கு நாம் உண்மையில் சொந்தக்காரர் ஆகிறோமா என்பது தனி விஷயம். 2018ல் டெக்சாஸ் மாநிலம் ஆஸ்டின் நகரில் ஒரு குட்வில் கடையில், ஏலத்தில் அல்ல, தட்டிலேயே, 34 டாலர் 99 சென்டுக்கு ஒரு சலவைக்கல் தலைச் சிலையை ஒரு பெண்மணி வாங்கினார். அது சுமார் இரண்டாயிரம் ஆண்டு பழைய ரோமானியச் சிலை என்று பிறகு தெரிந்தது. ஜெர்மனியில் பவேரியா அரசுக்குச் சொந்தமாக அஷாஃபன்பர்க் நகரில் இருந்து, இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் காணாமல் போனது. பில் இருந்தும் அவரால் அதை விற்க முடியவில்லை. சான் அன்டோனியோ அருங்காட்சியகத்தில் 2022 முதல் 2023 வரை பார்வைக்கு வைத்து, பின் பவேரியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. தானம் கொடுத்தவருக்கு இல்லாத உரிமை கடைக்கு வராது, கடைக்கு இல்லாதது நமக்கும் வராது. கோயில் சிலை போலத் தோன்றுகிற எதையும், எவ்வளவு மலிவாக வந்தாலும், தொடாமல் விடும்படி பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

சரக்கை இங்கே கொண்டுவந்து விற்கலாமே என்று கேட்பவர்களுக்காக இதையும் எழுதுகிறேன். நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கைப்படி, இயந்திரம் போன்ற மூலதனச் சாமான் அல்லாத பழைய பொருள்கள் 'கட்டுப்படுத்தப்பட்ட' இறக்குமதி வகையைச் சேர்ந்தவை. அனுமதி பெற வேண்டும். அன்பளிப்பு என்று எழுதி வரி கட்டாமல் தபாலிலோ கூரியரிலோ அனுப்பும் வழியும் 2019 டிசம்பரில், உயிர் காக்கும் மருந்தும் ராக்கியும் தவிர, அடைக்கப்பட்டுவிட்டது. நூறு வருஷத்துக்கு மேற்பட்ட கலைப்பொருளை இங்கே வியாபாரம் செய்வதானால் 1972ம் வருஷத் தொல்பொருள் சட்டப்படி லைசென்ஸ் வேண்டும். ஆகவே மேலே போட்ட கணக்கெல்லாம் அங்கே எடுத்து அங்கேயே விற்பவர்களுக்கு. அவர்களும் அங்கே எந்த விசாவில் இருக்கிறார்கள், அந்த விசா வியாபாரத்துக்கு இடம் கொடுக்கிறதா என்பதை, முதல் கேள்வியைப் பதிவதற்கு முன்னால், அங்குள்ள வக்கீலிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.